ஒரு விரல் பெரிய தொட்டி

ஜனவரி 31

மாடி காலியாகிவிட்டது. இரண்டு சூட்கேஸ், ஒரு மெத்தை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு வருடம் குடியிருந்தவளின் மொத்த உடைமை அவ்வளவுதான். ஜெனிட்டா என்று பெயர். ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். அதாவது, பிறருடைய முட்டியை மடக்கி நீட்டுவதற்காக நாலரை வருடம் படித்தவள்.

சாவியை நீட்டினாள். நான் கையில் வாங்கவில்லை, ஜன்னல் திட்டில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். பக்கத்தில் ஒரு தொட்டிச் செடியையும் வைத்தாள்.

"இது உங்களுக்கு, டீச்சர்."

"எனக்கெதுக்கு?"

"உங்களுக்குத்தான்" என்று மறுபடியும் சொன்னாள். பிறகு போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வண்டியில் இடமில்லை போலிருக்கிறது. தனக்கு வேண்டாததைத் தானமாகக் கொடுத்துப் பேர் வாங்குவதில் சிலருக்குத் தனி சாமர்த்தியம். தொட்டியில் ஒரு சீட்டு வேறு சொருகியிருந்தது. அதில் செடியின் பெயர், நாலு வரி உபதேசம், அவளுடைய போன் நம்பர். முப்பத்து நான்கு வருடம் அறிவியல் நடத்தியவளுக்கு இவள் செடி வளர்க்கச் சொல்லித் தருகிறாள். சீட்டைக் குப்பையில் போட்டேன்.

வாசலில் துளசி இருக்கிறது. அதன் பக்கத்தில் இதை வைக்க எனக்கு மனமில்லை. கூடத்தில் வைக்கவும் இது அப்படியொன்றும் லட்சணமாக இல்லை. பின்பக்கக் குளியலறை ஜன்னலில் கொண்டுபோய் வைத்தேன். வடக்குப் பார்த்த ஜன்னல். எப்போதும் ஈரம், வெயில் எட்டியே பார்க்காது. பத்து நாளில் செத்தால் நான் பொறுப்பல்ல.

முகுந்தன் ஓசூர் போய் இன்றோடு பதினேழு நாள். பொங்கலன்றுதான் கிளம்ப வேண்டுமா? அங்கே நல்ல வேலையாம். நல்லதுதான். மகன் இல்லாத வீடு சுத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 4

மாடிக்கு ஆள் வந்தார்கள். காலையில் ஒரு புதுமணத் தம்பதி. எதைக் கேட்டாலும் அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மதியம் ஒரு வங்கி ஊழியர் வந்து, சுவரில் ஆணி அடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம். மாலையில் ஒரு அம்மாவும் மகனும். மகன் அம்மாவின் கையைப் பிடித்துப் படியேற்றினான். அவர்களும் வேண்டாம்.

வீடு காலியாக இருந்தால் தேய்ந்தா போகும்?

பிப்ரவரி 12

அது சாகவில்லை.

பல் தேய்க்கும்போது வேறு எதையும் பார்க்க முடியாததால் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இலை ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து, கோணலாக இருக்கிறது. பச்சையாக இருந்து தொலைக்கக்கூடாதா? நடுவில் கறுப்புச் சிவப்பு, சுற்றி வெள்ளிப் பூச்சு, ஓரத்தில் மறுபடியும் சிவப்பு. கல்யாண மண்டபத்து வாசலில் ஒட்டும் ஜிகினாத் தாளுக்குத்தான் இப்படி நிறம் இருக்கும். இதை ஒருத்தி ஆசையாக வளர்த்திருக்கிறாள் என்றால் அவள் ரசனையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

குளிக்கும்போது சொம்பில் மிஞ்சுகிற கொஞ்சம் தண்ணீரை ஊற்றுகிறேன். இரக்கத்தால் அல்ல. செத்தால் பாப்பாத்தியை விட்டு அள்ளிப் போடச் சொல்ல வேண்டும், அவள் அதற்கு ஒரு கதை சொல்வாள்.

பிப்ரவரி 28

என் போனுக்கு ரீசார்ஜ் ஆகியிருப்பதாகச் செய்தி வந்தது. முன்பு மாதாமாதம் முகுந்தன் செய்வான். இப்போதும் செய்கிறான். அம்மாவோடு பேச முடியாது, அம்மாவின் போனுக்கு மட்டும் உயிர் கொடுப்பான். நானும் கூப்பிடப் போவதில்லை. செய்தியை அழிக்கவில்லை, எப்படி அழிப்பதென்று தெரியாது.

மார்ச் 11

எதிர்வீட்டு வாசுகி குளியலறையைப் பயன்படுத்த வந்தாள். அவள் வீட்டில் மோட்டார் ரிப்பேராம். உள்ளே போனவள் பத்து நிமிடம் வரவில்லை. வெளியே வந்ததும் "என்ன செடி டீச்சர் அது? இவ்ளோ அழகா வச்சிருக்கீங்க" என்றாள். மொட்டைமாடியில் நாலு கத்தரிச் செடி வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் 'பசுமைத் தோழிகள்' என்று ஒரு குழு நடத்துகிறவள். அவளுக்கு இதன் பெயர் தெரியவில்லை.

"பெகோனியா" என்றேன்.

எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்றால், சீட்டில் இருந்தது. பெயர் ஒன்றும் எனக்குப் புதிதல்ல, வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு நானே சொல்லி எழுதவைத்த குறிப்பு. 'இலை வழி இனப்பெருக்கம். எடுத்துக்காட்டு: ரணகள்ளி, பெகோனியா.' ரணகள்ளி பள்ளிச் சுவரோரமே கிடந்தது, பிடுங்கிக் காட்டிவிடலாம். பெகோனியாவை நான் பார்த்ததில்லை, பார்க்க வேண்டியும் இருக்கவில்லை. ஒரு வருடம் ஒரு வாயாடிப் பையன் எழுந்து, "பெகோனியா எப்படி இருக்கும் டீச்சர்? நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். "பரீட்சைக்கு அது தேவையில்ல, உக்காரு" என்றேன். வகுப்பே சிரித்தது.

மார்ச் 23

இலைகள் சிறுத்து வருகின்றன. தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய வேகத்தில் அடியில் ஓடிவிடுகிறது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அடித்துளை வழியாக வேர் கொத்தாக வெளியே தொங்குகிறது. தொட்டி மாற்ற வேண்டும் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும்.

மாற்ற நான் என்ன தோட்டக்காரியா? கொடுத்தவள் வந்து மாற்றட்டும்.

மார்ச் 28

ரீசார்ஜ் ஆகிவிட்டது. உயிரோடுதான் இருக்கிறான்.

ஏப்ரல் 9

பால் வாங்கப் போகும்போது வாசுகி கேட்டருகிலேயே பிடித்துக்கொண்டாள்.

"முகுந்தனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமே டீச்சர்? ஓசூர்ல ரிஜிஸ்டர் ஆபீஸ்லயாம். எங்க தம்பி போட்டோ பாத்தானாம். மாடியில இருந்துச்சே, அந்தப் பொண்ணுதானாமே?"

"ஆமா. நான்தான் நல்ல நாள் பாத்துக் குடுத்தேன்" என்றேன்.

"நீங்க போகலயா?"

"முட்டி வலி" என்றேன்.

அவள் முகத்தில் அப்படியொரு ஏமாற்றம். ஊர் வாய்க்கு அவல் கிடைக்காவிட்டால் அப்படித்தான் இருக்கும். நான் நிதானமாகக் கடைக்குப் போய், நிதானமாகத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் பால் இல்லை.

ஏப்ரல் 10

தலைவலி.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். நல்ல நேரம் ஒன்பது மணிக்கு மேல்.

குளியலறை ஜன்னலில் செடி இருப்பது விருந்தாளிகளுக்கு இடைஞ்சல். அதனால் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. வாசலில், கிழக்கு முகமாக, துளசிக்கு அடுத்தபடியாக ஒரு பெரிய சிமென்ட் தொட்டி இருக்கிறது. கறிவேப்பிலை பட்டுப்போன பிறகு காலியாகக் கிடந்தது. செம்மண் வரவழைத்து, பாப்பாத்தி வீட்டு ஆட்டுப்புழுக்கை ஒரு கூடை கலந்து, தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன். செய்வதைச் சிக்கனமாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

பாப்பாத்தி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். பதினோரு வருடமாக இந்த வீட்டைப் பெருக்குகிறாள், பதினோரு வருடமாகக் கருத்தும் சொல்கிறாள்.

"இத்தினூண்டு செடிக்கு இத்தாம் பெரிய தொட்டியா டீச்சர்மா? கைப்புள்ளைக்குத் தாத்தா சட்டைய மாட்டினாப்ல இருக்குது."

"வேலையைப் பாரு" என்றேன். செடியைப் பற்றி அவளிடம் பாடம் கேட்கும் நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை.

பழைய தொட்டியிலிருந்து கழற்றியபோது வேர் தொட்டியின் அச்சாகவே வந்தது. உள்ளே மண்ணே தெரியவில்லை, வேர் மட்டும்தான். மூன்று மாதம் அவ்வளவு நெருக்கடியில் இருந்திருக்கிறது, முனகக்கூட இல்லை. நட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். உள்ளே போய்க் கை கழுவிவிட்டு வருவதற்குள் பாப்பாத்தி தொட்டிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தாள். அவள் வேலை அது, நான் சொல்லவில்லை. அழிக்கவும் இல்லை, வருடப் பிறப்பு நாளில் அழிக்கக்கூடாது.

இன்று இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டேன். கை தவறிவிட்டது.

ஏப்ரல் 19

இலைகள் தொங்குகின்றன. சேலம் வெயில் அப்படி. மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். அரிசி களைந்த தண்ணீரும் ஊற்றுகிறேன். இவ்வளவு கவனிப்பு இந்தத் தெருவில் எந்த மருமகளுக்கும் கிடைத்திருக்காது.

ஏப்ரல் 28

ரீசார்ஜ் ஆகிவிட்டது.

ஓர இலைகள் பழுப்பாகிவிட்டன. தண்டைத் தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது. இதைக் குளியலறையில் சொம்புத் தண்ணீரில் வைத்திருந்தபோது ஜிகினாவாக மினுக்கியது. எடுத்து வாசலில் வைத்து மரியாதை செய்தால் முகம் காட்டுகிறது. சிலதுகளுக்கு மரியாதை ஒத்துக்கொள்ளாது.

மே 4

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம்.

வெட்கத்தை விட்டு வாசுகியிடம் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. குழுவில் போட்டுவிட்டாள். நாற்பத்து மூன்று பதில்கள். ஒருத்தி மோர் ஊற்றச் சொன்னாள், ஒருத்தி முட்டை ஓடு போடச் சொன்னாள், ஒருத்தி எப்சம் உப்பு என்றாள், ஒருத்தி செடியிடம் அன்பாகப் பேசச் சொன்னாள். இன்னொருத்தி கும்பிடும் கைகளை மட்டும் அனுப்பினாள். ஒருத்திகூட 'எனக்குத் தெரியாது' என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை என்பது வேறு விஷயம்.

மோர் ஊற்றினேன். ஈ மொய்த்ததுதான் மிச்சம்.

மே 6

காலையில் பார்த்தால் தண்டு மண்ணோடு அழுகிச் சாய்ந்து கிடக்கிறது. ஒரே ஒரு இலை மட்டும் நன்றாக இருந்தது. ஜனவரியில் குப்பையில் போட்ட சீட்டு எப்படியோ பஞ்சாங்கத்துக்குள் இருந்தது. பத்து மணிக்குக் கூப்பிட்டேன்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். "டீச்சர்?" என்றாள். என் நம்பரை இன்னும் வைத்திருக்கிறாள்.

நலம் விசாரிப்பதெல்லாம் எனக்கு வராது. "நீ விட்டுட்டுப் போன செடி அழுகுது" என்றேன்.

"எந்தத் தொட்டியில இருக்கு?"

சொன்னேன். சிமென்ட் தொட்டி, ஆட்டுப்புழுக்கை, மூன்று வேளைத் தண்ணீர், கிழக்கு வெயில், எல்லாம் சொன்னேன். மோரை மட்டும் சொல்லவில்லை.

"ஐயோ டீச்சர். அதுக்கு அவ்ளோ மண்ணு ஆகாது. முன்ன இருந்த தொட்டிய விட ஒரு விரல் அகலம் பெருசா இருந்தாப் போதும். சுத்தி மண்ணு நிறைய இருந்தா ஈரம் காயவே காயாது, வேரு ஊறிப்போயிடும். எருவும் அவ்ளோ போடக்கூடாது. தேங்கா நார்த் தூளு, இலை மக்கு, கொஞ்சம் மணல், அவ்ளோதான். கோடையில மாத்தாம இருந்திருந்தா இன்னும் நல்லது. அதுவரைக்கும் எங்க வச்சிருந்தீங்க?"

"குளியலறையில."

"ஜன்னல்லயா? எந்தப் பக்க ஜன்னல்?"

"வடக்கு."

அவள் சிரித்துவிட்டாள். "அதவிட நல்ல இடம் அந்த வீட்லயே கிடையாது டீச்சர். நேர் வெயில் படாது, காத்துல ஈரம் இருக்கும். சேலத்துல அது பொழச்சதே அதனாலதான்."

ஆக, மூன்று மாதம் அவமானப்படுத்துவதாக நினைத்து அதை ராஜபோகத்தில் வைத்திருந்திருக்கிறேன். மரியாதை செய்யப் போய்க் கொன்றிருக்கிறேன்.

"ஒரு இலை இருக்கு" என்றேன்.

"அது போதும். இலையக் கவுத்து, பின்பக்கம் பெரிய நரம்புங்கள பிளேடால அங்கங்க கீறுங்க. ஈர மணல்ல நிமித்திப் படுக்க வச்சு, மேல சின்னச் சின்னக் கல்லு வைங்க, நரம்பு மண்ணோட ஒட்டி இருக்கணும். மூடி போட்டு மறுபடி அந்த ஜன்னல்லயே வச்சிடுங்க. கீறின இடத்துல எல்லாம் குட்டி வரும். இது உங்களுக்குத் தெரியாததா? நீங்கதான் இந்தப் பாடமே எடுத்தீங்கன்னு அவரு சொல்லுவாரு."

"எவரு?"

"முகுந்தன்தான் டீச்சர். எட்டாவதுல உங்க கிளாஸ்ல கேட்டாராமே, பெகோனியா எப்படி இருக்கும்னு. நீங்க உக்காரச் சொல்லிட்டீங்களாம். ஏற்காட்டுல நர்சரியில இதப் பாத்ததும் நின்னுட்டாரு. 'எங்கம்மா முப்பது வருஷமா இந்தப் பேரச் சொல்லிட்டிருந்தாங்க, கண்ணால பாத்ததில்ல'ன்னு சொல்லி வாங்கினாரு. அது என்னோட செடி இல்ல டீச்சர். உங்களுக்குன்னு அவரு வாங்கினது. போகியன்னைக்கு உங்ககிட்டக் குடுக்கறதா இருந்துச்சு. அவரு உள்ள வந்து எங்க விஷயத்தச் சொல்லணும், பின்னாடியே நான் செடிய எடுத்துட்டு வரணும்னு பேச்சு. நான் மாடிப்படியில கடைசிப் படி வரைக்கும் வந்துட்டேன்."

அந்த வாயாடிப் பையன் என் மகன். வகுப்பில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று நான்தான் சட்டம் போட்டிருந்தேன்.

கடைசிப் படியில் நின்றால் கூடத்தில் பேசுவது கேட்கும். போகியன்று நான் மெதுவாகப் பேசவில்லை. என்ன பேசினேன் என்று இந்த நோட்டில் இதுவரை எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். 'மாடிக்குக் குடி வந்தவ கீழ்வீட்டையும் பிடிக்கப் பாக்கறாளா? வாடகைக்கு வந்தவளுக்குத் தன் வாசப்படி எதுன்னு தெரிஞ்சிருக்கணும்.'

"அன்னைக்கு உனக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு டீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்காரு. உங்ககிட்டப் பேசச் சொல்லி நானும் சொல்லிப் பாத்துட்டேன். பிடிச்சா பிடிச்ச பிடிதான். உங்க பிள்ளைதானே."

கொழுப்பு. ஆனால் தப்பென்று சொல்ல முடியவில்லை. என் மகன் என்னை ஒரேயடியாக விட்டுவிடவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும் என்பதற்காக, "பேசாட்டிப் போறான். மாசாமாசம் ரீசார்ஜ் மட்டும் தவறாம பண்ணிடறான்" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் சத்தம் இல்லை.

"ஆமா டீச்சர். பண்றாரு" என்றாள்.

முப்பத்து நான்கு வருடம் வகுப்பில் நின்றிருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாதவன் சொல்லும் பொய் ஒரு மாதிரி இருக்கும். எழுதாதவனைக் காப்பாற்றப் பக்கத்தில் இருப்பவள் சொல்லும் பொய் வேறு மாதிரி இருக்கும். இது இரண்டாவது. ரீசார்ஜ் செய்தது என் மகன் அல்ல.

போனை வைத்துவிட்டு அழுதேன். நாளைக்கு நானே அழவில்லை என்று சாதிப்பேன், அதனால் எழுதிவைக்கிறேன்.

மே 7

இலையைக் கீறினேன். பிளேடு வழுக்கியதில் ஒரு நரம்பைக் கூடுதலாக அறுத்துவிட்டேன். மைசூர்பாகு வந்த பிளாஸ்டிக் டப்பாவில் மணல், மணல் மேல் இலை, இலை மேல் ஆறு கூழாங்கல், அதன் மேல் மூடி. குளியலறை ஜன்னலில் வைத்தேன்.

பாப்பாத்தி பார்த்துவிட்டு, "செடிக்கு வைத்தியமா, இல்ல சமாதி கட்டிட்டீங்களா?" என்றாள். அவளை வேலையை விட்டு நிறுத்தலாமா என்று பதினோரு வருடமாக யோசிக்கிறேன்.

மே 28

ரீசார்ஜ் ஆகிவிட்டது. யார் செய்தது என்று இனி இந்த நோட்டில் எழுத மாட்டேன்.

ஜூன் 6

ஒன்றும் முளைக்கவில்லை. 'இலையில் உள்ள வேற்றிட மொட்டுகள் புதிய தாவரமாக வளர்கின்றன.' எத்தனை பிள்ளைகளை இந்த வரிக்காக முட்டி போட வைத்திருப்பேன். வளர்கின்றனவாம். எழுதிய புண்ணியவான் ஒரு நாளாவது டப்பா முன்னால் உட்கார்ந்து பார்த்தாரா தெரியவில்லை. நடத்திய நானும்தான் பார்க்கவில்லை.

ஜூன் 21

கீறிய இடத்தில் கடுகளவு ஏதோ சிவப்பாகத் தெரிகிறது. பூஞ்சையாக இருக்கும்.

ஜூன் 24

பூஞ்சை இல்லை.

மூக்குக் கண்ணாடியோடு பூதக்கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். மூன்று குட்டி இலைகள். இத்தனை சிறிதாக இருக்கும்போதே ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்துத்தான் இருக்கின்றன. கூடுதலாக அறுத்தேனே, அந்த நரம்பில்தான் முதலில் வந்திருக்கிறது.

வாசுகி கேட்டாள், செடி என்னாச்சு என்று. "பரீட்சைக்கு அது தேவையில்ல" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு ஒரு நாள் முழுக்கச் சிரிப்பாக இருந்தது.

ஜூலை 20

ஆடி பிறந்து நாலாவது நாள். குட்டிகள் டப்பா மூடியைத் தொட்டுவிட்டன. ஏழு இருக்கின்றன, ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு. பிரித்துத் தொட்டிக்கு மாற்றியாக வேண்டும்.

ஆடி மாதத்தில் புது மருமகளை அவள் பிறந்த வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள். மாமியார் வீட்டுக்கு எந்தப் பைத்தியமும் கூப்பிடாது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னதும் அதே ஆட்கள்தான். எனக்கு எது வசதியோ அதை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"குட்டி வந்திருக்கு. ஏழு. தொட்டி மாத்தணும்" என்றேன்.

"சூப்பர் டீச்சர். சின்னத் தொட்டியா வாங்கி..."

"எனக்கு வராது. மறுபடி கொன்னுடுவேன். தெரிஞ்சவங்க யாராவது வந்து மாத்தினாத்தான் உண்டு."

எனக்கு வரும். இந்த இரண்டரை மாதத்தில் பெகோனியாவுக்குத் தொட்டி மாற்றுவது பற்றி இனி யாரும் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வராது என்றேன். ஆயுளில் முதல் தடவை அந்த வார்த்தையைச் சொல்கிறேன், அதுவும் பொய்யாக.

"ஆடிப் பதினெட்டு ஞாயித்துக்கிழமைதான். நான் வரேன் டீச்சர்" என்றாள். பிறகு, "அவரு வருவாரான்னு தெரியல" என்றாள். இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறாள். வேறு எப்படிக் கூப்பிடலாம் என்று நானும் சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 3

இரண்டு பேரும் வந்தார்கள்.

அவன் இளைத்திருக்கிறான். எங்கேயோ ஒரு குப்பைச் சட்டை வாங்கிப் போட்டிருக்கிறான். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, போஸ்ட்மேனுக்குக்கூட நான் இதைவிட நன்றாகத் தலையசைப்பேன். கையில் பை. அதில் ஏழு சின்ன மண் தொட்டிகள், நார்த் தூள், இலை மக்கு. நேராகக் குளியலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான். எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லியிருப்பாள்.

அவள் தேக்கரண்டியின் பின்முனையால் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். அவன் தொட்டியில் வைத்து நிரப்பினான். நான் குளியலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குற்றம் கண்டுபிடித்தேன். "தண்டை மூடாத", "மண்ணை அழுத்தாத, வேர் மூச்சு விடணும்", "ஓரமா ஊத்து, நடுவுல ஊத்தாத". ஜெனிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வராது என்று சொன்னது பொய்யென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் தெரியாதவள் போல அடுத்த குட்டியைப் பிரித்தாள். கெட்டிக்காரிதான்.

நாலாவது தொட்டியில் அவன் பேசினான். ஏழு மாதத்தில் முதல் பேச்சு.

"இங்கதான் வச்சிருந்தியா? பாத்ரூம்லயா?"

"ஆமா."

"நான் வாங்கினதுன்னு தெரிஞ்சிருந்தா கூடத்துல வச்சிருப்ப."

"வச்சிருந்தா மார்ச்லயே செத்திருக்கும்" என்றேன்.

அவன் தலையைத் தூக்கவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தான், தேவைக்கு மேல்.

சாப்பாடு முடிந்தது. சித்ரான்னம் மூன்று வகை, எதுவும் மிஞ்சவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஜெனிட்டா பையை எடுத்துக்கொண்டு, "மாடியில கொஞ்ச நேரம் படுத்துட்டு வரேன் டீச்சர், தலை வலிக்குது" என்று படிக்கட்டுப் பக்கம் போனாள். இரண்டு வருடப் பழக்கம். அந்தக் கடைசிப் படியில் கால் வைக்கப் போனாள்.

"மாடி பூட்டியிருக்கு" என்றேன். "கீழயே இரு."

நின்றுவிட்டாள். கூடத்தில் முகுந்தன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான், அவனும் நிறுத்தினான். அன்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாடிச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது, முந்தானையை இழுத்து மறைத்துக்கொண்டேன். என் கட்டில் விரிப்பை உதறிப் போட்டேன். அவள் அதில் படுத்துத் தூங்கினாள். குறட்டை விடுகிறாள், அதையும் எழுதிவைக்கிறேன்.

போகும்போது ஒரு தொட்டியை இங்கே விட்டுவிட்டு ஆறை எடுத்துக்கொண்டு போனார்கள். "ஒண்ணு போதும் உனக்கு" என்றான் முகுந்தன். எனக்கு எது போதும் என்று இவன் சொல்கிறான்.

ஆகஸ்ட் 28

காலையில் ரீசார்ஜ் செய்தி வரவில்லை. பத்து மணி வரை வரவில்லை. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

பத்தரைக்கு மணி அடித்தது. முகுந்தன்.

"அம்மா, உன் போனுக்கு நான் ரீசார்ஜ் பண்ணலாம்னு பாத்தேன். இப்ப எந்த பிளான் ஓடுதுன்னு தெரியல. எத போடட்டும்?"

"என்னைக் கேட்டா எனக்கென்ன தெரியும்? உன் பொண்டாட்டிகிட்டக் கேளு. அவளுக்குத்தான் தெரியும்."

அவனுக்குப் பின்னால் குக்கர் விசில் சத்தம் கேட்டது.

"உனக்கு எப்பவிருந்து தெரியும்?" என்றான்.

"மே ஆறாம் தேதியிலிருந்து."

"நான் பண்ணியிருக்கணும்மா."

"ஆமா, பண்ணியிருக்கணும்" என்றேன். அவனுக்காகப் பொய் சொல்ல அவள் இருக்கிறாள், நானும் சொல்ல வேண்டியதில்லை.

"செடி எப்படி இருக்கு?"

போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். தொட்டியைத் தூக்கி அடித்துளையைப் பார்த்தேன்.

"வேர் இன்னும் உள்ளதான் இருக்கு. வெளிய வந்ததும் சொல்றேன், ரெண்டு பேரும் வாங்க. ஒரு விரல் பெரிய தொட்டியா எடுத்துட்டு வா. அதுக்கு மேல பெருசா வாங்கிட்டு வந்து என் உயிரை வாங்காத."